கழுவிச் சிவந்த தவளை

தவளை சிவந்துபோய்த் திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். யெசித் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, அம்மாவின் வேலை மேசையில் மெழுகுத் துண்டுகளுக்கு நடுவே வைத்தான். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னடா இது?”

“யமீலேயோட அம்மா திருப்பிக் கொடுத்துட்டாங்கம்மா. செம்பாம். ‘செம்பைக் கொடுத்து என் பொண்ணைக் கேட்டிருக்காங்க’ன்னு தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டாங்க. கல்யாணத்தைப் பத்தி யோசிக்கணுமாம்.”

இஸ்மேனியா கைக்குட்டையைப் பிரித்தாள். பதினோரு நாளைக்கு முன்னால், பெண் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை, அவளே தன் கையால் யமீலேயின் கழுத்தில் போட்டுவிட்ட பதக்கம். கட்டைவிரல் அளவுத் தவளை. அன்றைக்கு முற்றிய மக்காச்சோளத்தின் மஞ்சளில் இருந்தது. இப்போது முதுகும் வயிறும் தேய்த்த செம்புச் சட்டிபோலச் சிவந்து கிடந்தன. விரல் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முதுகு முழுக்க மெல்லிய கீறல்.

“யாரு இதைத் தேய்ச்சது?”

“அவங்கதான். பளபளன்னு இருக்கட்டும்னு.”

“எதை வெச்சு?”

“கம்பி நாரு. சாம்பல்.”

இஸ்மேனியா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். செஸ்கிலே ஊரில் அவளை வாயில்லாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பால் விலை, பாதிரியாரின் பிரசங்கம், அடுத்த வீட்டு நாய் என்று எல்லாவற்றைப் பற்றியும் அவளிடம் பேச்சு உண்டு. சொல்லியே ஆகவேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும்தான் அவள் சொல்ல மாட்டாள். இந்தத் தவளையைத் தேய்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று.

சம்பந்தியாகப் போகிற குஸ்தோதியாவின் சமையலறையைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த மலைப்பக்கத்தில் அலுமினியப் பாத்திரத்தைத் தேய்த்துச் சுவரில் மாட்டாத வீடு கிடையாது. ஆனால் சொகொந்தா ஊரில் குஸ்தோதியா வீட்டுச் சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்படிப்பட்ட பெண்மணியிடம் ஒரு பதக்கத்தைக் கொடுத்தால் அவள் அதைச் சும்மா விடுவாளா? இஸ்மேனியா அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘என் வேலையை நானே விளக்கிச் சொல்லணுமா’ என்ற வீம்பு. அந்த வீம்பு அவளுக்கு எப்போதும் உண்டு.

அந்த வீம்புக்கு ஒரு கணக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரிடமும் கைகட்டி நின்று கற்ற வேலை இல்லை அவளுடையது. நெமொகோன் உப்புச் சுரங்கத் தொழிலாளியின் மகள். பதினெட்டு வயதில் பொகோட்டாவுக்குப் போய், பல் கட்டும் பட்டறை ஒன்றில் தரை துடைக்கச் சேர்ந்தாள். மெழுகில் பல் செதுக்கி, சாந்தில் புதைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்தக் குழியில் பொன்னை ஊற்றுவார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் துடைப்பம் வேறு கைக்குப் போய்விட்டது. இவள் கடைவாய்ப் பல் வார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் இல்லாமலே உள்ளே விடும் நாள் என்பதால், பொன் அருங்காட்சியகத்துக்குள் மழைக்கு ஒதுங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காலத்து முய்ஸ்கா மக்கள் செய்த தவளைகள், பாம்புகள், நூல் நூலாக மெழுகு ஒட்டி வார்த்த மனித உருவங்கள். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இவள் குனிந்து ஒரு தவளையின் கக்கத்தைப் பார்த்தாள். உலோகம் உள்ளே ஓடிய காம்பை வெட்டிய தழும்பு அங்கே இருந்தது.

“இது நாங்க பல்லு செய்ற வேலைதானே,” என்றாள், பக்கத்தில் நின்ற பால் வண்டி டிரைவரிடம். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்தான். பெயர் அர்செனியோ. அடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டு செஸ்கிலேவுக்கு வந்துவிட்டாள். பல்லை விட்டுவிட்டுத் தவளை செய்யத் தொடங்கினாள்.

அவள் தவளைகள் தும்பாகாவில் செய்தவை. பொன்னும் செம்பும் சேர்ந்த கலவை அது, பழைய ஆட்களின் கலவை. வார்த்தவுடன் செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். நெருப்பில் காட்டினால் மேலே உள்ள செம்பு மட்டும் கருகும். புளிப்புச் சாற்றில் போட்டால் அந்தக் கருப்பு கரைந்துவிடும். செம்பு போன இடத்தில் பொன் நிற்கும். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை செய்தால் மேலே ஒரு பொன் தோல் வந்து மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பூசியது இல்லை, உள்ளே இருந்ததே மேலே வந்தது. ஆனாலும் தோல் தோல்தான். சுரண்டினால் போய்விடும். இந்த வித்தை கைக்கு வருவதற்குள் அவள் நாற்பது தவளைகளைக் கருக்கியிருக்கிறாள்.

இதெல்லாம் குஸ்தோதியாவுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அன்று மதியம் பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்த அர்செனியோ, தவளையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சண்டை சச்சரவு என்றாலே ஒதுங்கிப் போகிறவர் அவர்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க,” என்றார் மனைவியிடம். “பொகோட்டாவுல ஒரு நல்ல தங்கச் சங்கிலியா வாங்கிக் கொடுத்துடுவோம். அவங்க வாயும் அடைஞ்சுடும், புள்ளைங்க கல்யாணமும் நடந்துடும்.”

“கொடுத்தா? முதல்ல கொடுத்தது செம்புன்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா?”

“போட்டா என்ன? ஒரு தவளைக்காகப் பையன் கல்யாணத்தை நிறுத்துவீங்களா?”

“அது ஒரு தவளை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.”

அர்செனியோவுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். யெசித்துக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தவளைக்குள் இருந்த பொன், இஸ்மேனியாவின் அப்பாவுடைய பல்.

பல் பட்டறையில் அவள் தனியாக முதன்முதலில் வார்த்தது அந்தப் பல்தான். உப்புச் சுரங்கத்தில் கல் தெறித்து உடைந்த அப்பாவின் பல்லுக்கு அவள் கட்டிக் கொடுத்தது. அதைக் காட்டுவதற்காகவே அவர் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் சிரிப்பார். சாவதற்கு ஒரு வருடம் முன்னால், வறுத்த சோளத்தைக் கடிக்கும்போது அது கழன்று கையில் விழுந்தது. திரும்ப மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். ‘நான் சிரிச்ச வரைக்கும் போதும். யெசித்துக்குக் கல்யாணம் வரும்போது அவன் பொண்டாட்டிக்கு ஏதாவது செஞ்சு போடு’ என்று மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவள் தன் ஞானஸ்நானத் தோட்டையும் செம்பையும் அதோடு உருக்கித் தவளை செய்தாள். பெண் வீட்டில் போய், ‘இது எங்கப்பா பல்லு’ என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. இப்போது அதைச் செம்பு என்று ஒரு ஊரே பேசுகிறது. அப்பாவையே பொய்யர் என்று சொன்னதுபோல இருந்தது அவளுக்கு.

“நான் போறேன்,” என்றாள். “அவங்க வீட்டுலேயே வெச்சுப் பொன்னை எடுத்துக் காட்டுறேன்.”

“அப்போ கேஸ் டார்ச்சை எடுத்துக்கோங்க. நிலக்கரி அடுப்புச் சூடு கைக்கு அடங்காது. தவளையோட கால் ரொம்ப மெலிசு, உருகிடும்.”

“டார்ச்சை எடுத்துட்டுப் போனா, ஏதோ மந்திரம் பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க. அவங்க அடுப்பு, அவங்க சட்டி, அவங்க கண்ணு முன்னாடி.”

புளிப்புச் சாற்றுக்காக, வேலியோரம் மண்டிக் கிடந்த புளியாரையை ஒரு மூட்டை பறித்தாள். நெமொகோன் உப்பு ஒரு பொட்டலம், ஒரு இடுக்கி, வழவழப்பான ஒரு கூழாங்கல். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். ஒரு தடவை நிறம் எடுத்த உருப்படிக்கு மறுபடியும் நிறம் எடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அதை அர்செனியோவிடம் அவள் சொல்லவில்லை.

கதவைத் திறந்த குஸ்தோதியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குட்டையான, உரமான பெண்மணி. உருளைக்கிழங்கு மூட்டையை ஒற்றையாய்த் தூக்குகிற கை.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா?”

“இல்லைங்க. அடுப்பு கேக்க வந்தேன்.”

குஸ்தோதியா கட்டிய கையை அவிழ்த்தாள். அந்தப் பக்கத்தில் அடுப்பு கேட்டு வந்தவரை வாசலோடு அனுப்பும் வழக்கமில்லை. வழி விட்டாள். யமீலே சமையலறை மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

இஸ்மேனியா புளியாரையை அம்மியில் அரைத்துப் பிழிந்து உப்புப் போட்டாள். குஸ்தோதியா சுவரிலிருந்து பளபளப்பான ஒரு பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். வெறுப்பிலும் நல்ல பாத்திரத்தைத்தான் எடுத்தாள், அதைச் சொல்ல வேண்டும்.

“இது வேணாங்க, கறுத்துப் போயிடும். மண் சட்டி இருக்கா?”

“கறுத்தா நான் தேய்ச்சுக்குவேன்.”

“அதான் தெரியுமே,” என்றாள் இஸ்மேனியா. யமீலே தலையைக் குனிந்துகொண்டு உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

மண் சட்டி வந்தது. தவளையைக் கரித்தணல்மேல் வைத்து, மங்கலாகச் சிவந்ததும் எடுத்து ஆறவிட்டாள். அடுப்புக்கரிபோல முழுக்கக் கறுத்துவிட்டது. குஸ்தோதியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“செம்பாவாவது இருந்துச்சு,” என்றாள்.

“பொறுங்க.”

சாற்றில் போட்டாள். கருப்பு போய் ரோஜா நிறம் வந்தது. மறுபடி நெருப்பு, மறுபடி கருப்பு, மறுபடி சாறு. மூன்றாவது தடவையும் ரோஜா நிறம்தான். நான்காவது தடவையும் அதுதான். குஸ்தோதியா அடுப்பில் நாலு கரியை அள்ளிப் போட்டாள். குளிருக்குப் போட்டாளோ, சீக்கிரம் முடியட்டும் என்று போட்டாளோ. ஐந்தாவது தடவை தணல் சீறியது. தவளையின் பின்கால் வெள்ளையாய்ப் பளிச்சிட, இஸ்மேனியா பாய்ந்து இடுக்கியால் இழுத்தாள். ஒரு விரல் நுனி உருண்டு மொட்டையாகிவிட்டது. காலும் மிச்ச விரல்களும் தப்பின.

“கை வைக்காதீங்க அடுப்புல,” என்றாள். குரல் நடுங்கிவிட்டது. பயம்தான், மறைக்க முடியவில்லை.

குஸ்தோதியா அதைக் கவனித்தாள். அதற்குப் பிறகு அவள் கரி போடவில்லை. இரண்டு கோப்பை வெல்லத் தண்ணீரை ஊற்றி, அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைப் போட்டு, ஒன்றை இஸ்மேனியா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஏழாவது தடவை சாற்றில் கிடந்த தவளையை எடுக்கக் குஸ்தோதியாவே இரும்புக் கரண்டியை விட்டாள். இஸ்மேனியா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“இரும்பு படக் கூடாதுங்க. பட்டா சாத்துல இருக்கிற செம்பெல்லாம் திரும்ப வந்து மேல ஒட்டிக்கும். அந்த மரக்குச்சியைக் கொடுங்க.”

“இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? தேய்க்காதேன்னு ஒரு வார்த்தை?”

இஸ்மேனியா அவள் மணிக்கட்டை விட்டாள். “சொல்லியிருக்கணும். என் தப்புதான்,” என்றாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அர்செனியோ ஒருநாளும் கேட்டிராத வாக்கியம் அது.

குஸ்தோதியா வாசல் பக்கம் பார்த்தாள். “நானும் பளபளப்புக்காக மட்டும் தேய்க்கலை,” என்றாள். “எனக்குக் கல்யாணத்துல போட்ட மோதிரம் பித்தளை. ஒரு வருஷத்துல விரல் பச்சையாச்சு. ரெண்டாம் வருஷம் அந்த ஆளும் என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. என் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு தேய்ச்சுப் பார்த்தேன். செவப்பு தெரிஞ்சதும் எனக்கு வேற எதுவுமே தோணலை.”

மரக்குச்சியால் தவளையை எடுத்தபோது வயிற்றோரம் ஒரு மங்கலான மஞ்சள் இருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பத்தாவது தடவை முதுகிலும் வந்தது. பதின்மூன்றாவது தடவையில் தவளை முழுக்க, பொலிவில்லாத, களிமண் மாதிரியான மஞ்சளாகிவிட்டது. மதியம் தாண்டியிருந்தது. உருளைக்கிழங்கு அப்படியே கிடந்தது.

“மஞ்சள்தான். ஆனா மின்னலையே,” என்றாள் குஸ்தோதியா, ஏமாற்றத்தோடு.

இஸ்மேனியா கூழாங்கல்லை அவள் கையில் கொடுத்தாள். “நீங்களே பண்ணுங்க. சுரண்டக் கூடாது. அழுத்தி நீவணும், மாவை நீவுற மாதிரி.”

அந்த உரமான கை முதலில் தயங்கியது. பிறகு நீவியது. கல் போன வழியெல்லாம் மெல்ல ஒளி ஏறியது. குஸ்தோதியா நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது வைத்துக்கொள்வதுபோலவே, குனிந்து வேலை செய்தாள்.

“இந்தப் பொன்னு எங்கே வாங்கினீங்க?” என்றாள் தலை நிமிராமல்.

பொய் சொல்ல இஸ்மேனியாவுக்கு ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. “வாங்கலைங்க. அது எங்கப்பாவோட பல்லு,” என்றாள். சோளம் கடித்ததையும் அவர் சொன்னதையும் எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபோது கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கல் நின்றுவிட்டது. யமீலே அம்மாவைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கத்துப் பல்லு?” என்றாள் குஸ்தோதியா.

“மேல் வரிசை. இடது பக்கம்.”

குஸ்தோதியா தவளையைத் திருப்பினாள். “அப்போ இந்த இடது பக்கம் இன்னும் கொஞ்சம் நீவணும்,” என்றாள். யமீலே சிரித்துவிட்டாள். பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். அதன்பிறகு உருளைக்கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டார்கள்.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. கோயில் வாசலில் மணப்பெண்ணைப் பார்க்கச் சொகொந்தா தெருவே நின்றது. ‘செம்பு’ என்று குஸ்தோதியா வாயால் முதலில் கேட்டவள் அடுத்த வீட்டு எதெல்மீரா. அவள் சும்மா பார்க்க வரவில்லை. யமீலேயை அணைத்து முத்தம் கொடுத்துவிட்டு, தவளையைக் கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தை அதன் முதுகில் வைத்தாள்.

இஸ்மேனியா நாலு ஆள் தள்ளி நின்றாள். ஓடிப்போய்ச் சேர முடியாது. வாயைத் திறந்தாள். எப்போதும்போல வார்த்தை வரவில்லை.

குஸ்தோதியா எதெல்மீராவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நகத்தை எடுங்க. உள்ளே செம்பு இருக்கு, மேல பொன்னு இருக்கு. சுரண்டினா பொன்னு போயிடும். இதைச் செய்ற விதமே அப்படி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? செம்புன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்,” என்றாள் குஸ்தோதியா, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “சொன்னது தப்பு. என் சம்பந்தியம்மா நல்ல பொன்னைத்தான் போட்டாங்க. அதைத் தேய்ச்சுக் கெடுத்தவ நான்.”

எதெல்மீரா கையை எடுத்துக்கொண்டாள். அர்செனியோ மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அவளுக்கு அது காதில் விழவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குஸ்தோதியாவின் பக்கத்தில் போய் நின்றாள். படம் எடுக்கிறவன் எல்லோரையும் சிரிக்கச் சொன்னபோது இஸ்மேனியா, அவள் அப்பா சிரிப்பதுபோல, வாய் முழுக்கச் சிரித்தாள்.